சேம்பரில் சிக்கிய கூடு

என்.சி.சி.யில் இருந்தபோது ரேஞ்சில் எனக்குக் கொடுத்தது ஐந்தே ஐந்து தோட்டா. பாயின்ட் டூ டூ (.22) ரைபிள், 25 மீட்டர் தூரத்தில் அட்டை, கீழே கித்தான் விரிப்பு. மூன்றாவது தோட்டாவைச் சுட்டுவிட்டு போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைத்துத் திறக்கும் உருளையை, இழுத்தேன். போல்ட் வந்தது. அதோடு வரவேண்டிய காலிக் கூடு வரவில்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நான்காவது தோட்டாவை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு பூட்ஸ் என் காலைத் தட்டியது. "கை எடு" என்றார் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத்.

ரைபிளின் வாய் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, அவர் குனிந்து சேம்பருக்குள் பார்த்தார். மற்றவர்கள் சுட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் ஒரு மெல்லிய கம்பியைக் குழலின் வாய் வழியாக விட்டு, மேல் முனையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கூடு கித்தான் மேல் விழுந்தது. மொத்தம் ஐந்து நொடி வேலை.

நான் போல்ட்டைப் பிடித்து இன்னும் ஓங்கி இழுத்திருப்பேன். அவர் எதிர்ப் பக்கத்திலிருந்து தள்ளினார். அந்த வித்தியாசம் ஏன் என்று புரிந்துகொண்டால், சிக்கிய கூட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி முடிந்தது.

முதலில் கூடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு தோட்டாவில் நான்கு பொருள் இருக்கும்: முன்னால் குண்டு, நடுவில் மருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. (பாயின்ட் டூ டூவில் ப்ரைமர் தனியாகக் கிடையாது, பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே தடவப்பட்டிருக்கும்.) சுட்டதும் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கூடு மட்டும் சேம்பரில் மிஞ்சுகிறது. சேம்பர் என்பது குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறை. ரேஞ்சில் காலிக் கூட்டைக் 'கோக்கா' என்பார்கள். எத்தனை சுட்டோமோ அத்தனை கோக்காவை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கூட்டை வெறும் டப்பா என்று நினைப்பவர்கள் உண்டு. அது கேஸ்கெட்டும்கூட. வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே ஏறியிருக்கும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. போல இருக்கும். அதற்கே மூடியில் ரப்பர் வளையம் தேவைப்படுகிறது. .30-06 என்ற ரைபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச வரம்பு 60,000 பி.எஸ்.ஐ. நாலாயிரம் குக்கர். அந்த வாயு பின்பக்கமாகக் கசிந்தால் சுடுபவரின் முகத்தில்தான் அடிக்கும். கசியவிடாமல் அடைப்பது அந்த மெல்லிய பித்தளைச் சுவர். அழுத்தம் ஏறியதும் அது உப்பி, சேம்பரின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு சேம்பரில் சிக்கத்தான் செய்கிறது. ஒழுங்கான துப்பாக்கியில் அடுத்த நொடிக்குள் அது தானாக விடுபட்டுவிடும், அவ்வளவுதான்.

விடுபடுவது எப்படி? இங்கேதான் பித்தளையின் குணம் வேலை செய்கிறது. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளை இது. ஒரே விசைக்கு எஃகு எவ்வளவு விரியுமோ, அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பித்தளை விரியும். விசையை எடுத்துவிட்டால் திரும்பச் சுருங்குவதும் அதே கணக்கில்தான். குண்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் சேம்பர் கொஞ்சம் சுருங்குகிறது, கூடு அதைவிட அதிகம் சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மயிரிழையைவிடக் குறைவாக ஓர் இடைவெளி கிடைக்கிறது. அது போதும்.

அழுத்தம் அளவு மீறினால் கதை மாறும். பித்தளை தன் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக உப்பிவிடுகிறது. எஃகுச் சுவரோ ஒன்றும் நடக்காததுபோல் தன் பழைய அளவுக்குத் திரும்பி வருகிறது. வரும் வழியில் கூடு நிற்கிறது. கவ்விக்கொள்கிறது.

ஒன்றுக்குள் ஒன்று போட்ட எவர்சில்வர் டம்ளர்கள் சிக்கிக்கொண்டு பாடாய்ப் படுத்தியிருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உள் டம்ளரின் விளிம்பை நகத்தால் இழுத்தால் நகம்தான் போகும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் அசைந்துவிட்டால் மொத்தமும் கழன்று வரும், ஏனென்றால் டம்ளர் கீழே குறுகி மேலே அகன்றது. ரைபிள் கூடும் அப்படித்தான்: அடிப்பக்கம் தடிமன், வாய்ப்பக்கம் சற்றே ஒல்லி. ஏ.கே. ரகத் துப்பாக்கிகளின் 7.62×39 தோட்டாவில் இந்தச் சரிவு கண்ணுக்கே தெரியும். சோவியத்துகள் அதற்கு எஃகிலேயே கூடு செய்தார்கள். எஃகு பித்தளை அளவுக்குத் திரும்பிச் சுருங்காது என்பதால் சரிவும், மேலே பூசிய அரக்கும் அங்கே கைகொடுத்தன.

அந்த முதல் மில்லிமீட்டரைப் பெறுவதற்கென்றே போல்ட் ரைபிள்களில் ஒரு ஏற்பாடு உண்டு. லீ-என்ஃபீல்டையோ 1898 மாடல் மவுசரையோ கையில் எடுத்தால் கவனியுங்கள். போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கும்போதே, பின்னால் இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே, போல்ட் சில மில்லிமீட்டர் பின்னால் நகரும். சாய்வான ஒரு விளிம்பின்மேல் வழுக்கி ஏறுவதால் வரும் நகர்வு அது. தூரம் குறைவு, பலம் அதிகம், திருகாணி மாதிரி. கூட்டைச் சுவரிலிருந்து பிய்ப்பது அந்தத் திருகல். அதற்குப் பிறகு நீங்கள் இழுப்பது வெறும் சுமை தூக்கும் வேலை.

இந்தத் திருகலின் மதிப்பு 1915-ல், முதல் உலகப் போரில், கனடாக்காரர்களுக்கு நன்றாகப் புரிந்தது. அவர்கள் கையில் இருந்தது ராஸ் ரைபிள். கைப்பிடியைத் தூக்க வேண்டாம், நேராக இழுத்தால் போதும் என்பது அதன் பெருமை. சேம்பரும் இறுக்கமானது, குறி தப்பாது. ஆனால் ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில், சேறும் புழுதியும் நடுவே, அளவில் கொஞ்சம் தாராளமாகச் செய்யப்பட்ட பிரிட்டிஷ் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டபோது கூடுகள் சிக்கின. நேராக இழுக்கும் போல்ட்டில் அந்தத் திருகாணி பலம் இல்லை. வீரர்கள் பூட்ஸ் காலால் கைப்பிடியை உதைத்துத் திறந்தார்கள். செத்துக் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு ராஸை வீசியவர்கள் பலர். 1916-க்குள் ராஸ் முன்னணியிலிருந்து விலக்கப்பட்டது.

இனி, இழுக்கும் உறுப்பு. போல்ட்டின் முகப்பில் ஒரு கொக்கி இருக்கும், எக்ஸ்ட்ராக்டர். அது கூட்டின் அடி விளிம்பைக் கவ்வி வெளியே கொண்டுவருகிறது. கொக்கி பிடிப்பது விளிம்பின் முழு வட்டத்தையும் அல்ல. ஒரு பக்கத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும். கூடு உறுதியாகச் சிக்கியிருக்கும்போது போல்ட்டை வெறிகொண்டு இழுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: கொக்கி உடையும், அல்லது விளிம்பு கிழியும். விளிம்பு கிழிந்த கூட்டைப் பிடிக்க அப்புறம் ஒன்றுமே இல்லை. மாறாக, குழலின் வாய் வழியாக விட்ட கம்பி, காலிக் கூட்டின் வாய்க்குள் இறங்கி, அதன் அடித்தளத்தின் நடுவில் போய் நிற்கிறது. கூட்டிலேயே தடித்த இடம் அதுதான். தட்டினால் விசை நேராக நடுவில் இறங்குகிறது. உஸ்தாத் தள்ளியதன் ரகசியம் இவ்வளவே.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் எம்-16 ரைபிள் பட்ட பாடு இதே கதைதான். துப்பாக்கி வடிவமைக்கப்பட்டபோது ஒரு வகை மருந்து. படைக்குப் போனபோது வேறு வகை. புதிய மருந்தில் துப்பாக்கி வேகமாக ஓடியது. கூடு சுவரைவிட்டு முழுதாக விடுபடும் முன்பே போல்ட் திறந்து இழுத்தது; கொக்கி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்தது. சேம்பரில் குரோம் பூச்சு இல்லை, அந்த ஈரக் காற்றில் துரு அரித்துச் சொரசொரப்பானது. போதாக்குறைக்கு, இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தமே வேண்டாம் என்ற பேச்சு பரவி, துடைக்கும் சாமான்கூடப் பலருக்குப் போய்ச் சேரவில்லை. கிளீனிங் ராட் என்ற துடைக்கும் கம்பி கிடைத்தவர்கள் அதன் துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துப் பூட்டித் துப்பாக்கியின் பக்கவாட்டில் டேப்பால் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். சண்டைக்கு நடுவே கூட்டைத் தள்ளுவதற்கு. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. சேம்பருக்குக் குரோம் பூச்சு வந்தது. பராமரிப்பைப் படக்கதை பாணியில் சொல்லும் கையேட்டை ராணுவமே அச்சடித்துக் கொடுத்தது.

சிக்குவதற்கான மற்ற காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். கரியும் மெழுகும் படிந்த சேம்பர், இதுதான் பாயின்ட் டூ டூவில் மிகச் சாதாரணம், என் ரைபிளிலும் இதுதான். துரு அரித்த சேம்பர். நசுங்கிய அல்லது களிம்பேறிய தோட்டா. வெயிலில் காரின் டேஷ்போர்டில் கிடந்து சூடேறிய தோட்டா. மருந்து சூடாக இருந்தால் அழுத்தம் கூடும். பழைய '12 போர்' ரக வேட்டைத் துப்பாக்கிகளில் காகிதக் கூடு போட்டுச் சுட்ட காலத்தில் மழைக்காலம் வந்தாலே தலைவலி: காகிதம் நமத்து ஊதிவிடும், அமுக்கிப் போட்டால் திரும்ப வராது. பிளாஸ்டிக் கூடு வந்து அதை ஒழித்தது.

எல்லாவற்றிலும் மோசமானது கூட்டின் தலை தனியாகக் கழன்று வருவது. போல்ட்டைத் திறக்கிறீர்கள், ஏதோ வெளியே விழுகிறது, அப்பாடா என்கிறீர்கள். விழுந்தது அடிப்பாகம் மட்டும். மீதிக் குழாய் உள்ளேயே இருக்கிறது. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவே இருக்கவேண்டியதைவிட அதிக இடம் இருந்தால் இப்படி ஆகும். துப்பாக்கிக்காரர்கள் இதை ஹெட்ஸ்பேஸ் கோளாறு என்பார்கள். சுட்டதும் கூட்டின் முன்பாதி சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அடிப்பாகம் காலி இடத்தை நிரப்பப் பின்னால் போகிறது. நடுவில் உள்ள சுவர் நீள்கிறது, மெலிகிறது, கடைசியில் வளையமாக அறுகிறது. ஒரே கூட்டில் திரும்பத் திரும்ப மருந்து நிரப்பிச் சுடுபவர்களுக்கும் இது நடக்கும். அறுவதற்கு முன் கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளபளப்பான கோடு ஒன்று தெரியும்.

இதற்கு வரலாற்றில் பெயர்போன சாட்சி ஒருவர் உண்டு. 1876 ஜூன் 25, அமெரிக்காவின் மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. லகோட்டா, ஷயான் பூர்வகுடி மக்களோடு மோதிய அமெரிக்க ஏழாவது குதிரைப்படையில், அதை நடத்திய கஸ்டரும் அவரோடு போன ஐந்து கம்பெனிகளும் மொத்தமாக மாண்டார்கள். வேறொரு பிரிவை நடத்திய மேஜர் ரீனோ பிழைத்தார். சில வாரங்களில் ஆயுதத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார்: தன் படையில் இருந்த 380 கார்பைன்களில் (குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கி) ஆறு இப்படிக் கெட்டுப்போயின, பின்மூடி முழுதாக மூடாமல் இடைவெளி விழுந்தது, சுட்டுத் திறந்தபோது தோட்டாவின் தலை பிய்ந்து வந்தது, குழாய் குழலிலேயே நின்றுவிட்டது. ஹெட்ஸ்பேஸ் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

அந்தக் கூடுகள் பித்தளை அல்ல, செம்பு. செம்பு மென்மையானது, உப்பினால் உப்பியதுதான், பித்தளை மாதிரித் திரும்பாது. போதாததற்கு வீரர்கள் தோட்டாக்களைத் தோல் பெல்ட்டில் செருகி வைத்திருந்தார்கள். தோல் பதனிடும் துவர்ப்புச் சத்து பட்டுச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியது. செப்புப் பாத்திரத்தில் புளித் தண்ணீரை வைத்து மறந்தவர்களுக்கு அது எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். சூடான சேம்பருக்குள் அந்தக் களிம்பு கோந்தாகிவிடும். காலாட்படையின் நீளத் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் ஒரு கம்பி இருந்தது. குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கியில் அது கிடையாது. பேனாக்கத்தியால் நோண்டினார்கள்.

கஸ்டர் தோற்றதே இதனால்தான் என்று நூறு வருடம் பேசினார்கள். 1983-ல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்தது. அடுத்த இரண்டு வருடம் தொல்லியலாளர்கள் உலோகம் தேடும் கருவியோடு இறங்கினார்கள். கிடைத்த கூடுகளில் கத்தியால் நெம்பிய கீறல் உள்ளவை மிகக் குறைவு. சிக்கியது உண்மை, ஆனால் தோல்விக்கு அது காரணமாக இருக்க முடியாது. எனக்கு இதில் பிடித்தது, ஒரு கூட்டின் விளிம்பில் விழுந்த கீறல் நூறு வருடத்துக்குப் பிறகு சாட்சி சொல்வதுதான். எப்படியோ, அந்தச் சண்டைக்கு அடுத்த வருடமே அந்தக் கார்பைனின் கட்டைக்குள் குழி தோண்டி, மடக்குக் கம்பியும் உடைந்த கூட்டை எடுக்கும் கருவியும் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, கூடு சிக்கிவிட்டது. என்ன செய்வது?

கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருப்பது சுட்ட கூடா, சுடாத தோட்டாவா? ட்ரிகரை இழுத்தபோது வெடிச் சத்தம் வராமல் வெறும் 'டிக்' மட்டும் கேட்டிருந்தால், துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடியே அரை நிமிடமாவது, முடிந்தால் ஒரு நிமிடம், அசையாமல் இருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு. சுடாத தோட்டா சிக்கியிருந்தால், அல்லது எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால், குழலின் வாய் வழியாகக் கம்பியை விடவே கூடாது. கம்பியும், அதைப் பிடித்த கையும், குண்டு வரும் பாதையில் இருக்கும். அந்த வேலை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்குக்கு. 1959 ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதையே தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டறை வைத்திருக்கும் நண்பர் இதற்கு ஆகமாட்டார்.

சுட்ட கூடுதான் என்று உறுதியானால், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றிவிட்டுக் கம்பி. குழலுக்குள் தாராளமாக ஓடாமல், ஓரளவு நிறைந்து போகும் தடிமனில் பித்தளை அல்லது எஃகுக் கம்பி. மெல்லிய கம்பி வளைந்து குழலின் உட்சுவரைக் கீறும். மரக்குச்சி வேண்டவே வேண்டாம். பிளந்து ஆப்பாக இறங்கிவிட்டால் இரண்டு பிரச்சினை. முதலில் கம்பியின் சொந்த எடையிலேயே விழவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இல்லையென்றால் லேசான தட்டல்கள்.

அதற்கும் அசையாவிட்டால் இரண்டு உதவி. ஒன்று, துருப்பிடித்த போல்ட்டுக்கு விடும் ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு. கூட்டின் ஓரத்தில் இறங்கும்படி விட்டு, ஒரு ராத்திரி காத்திருங்கள். இரண்டு, குளிர்ச்சி. பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சுருங்கும். 12 மில்லிமீட்டர் அகலக் கூட்டை 40 டிகிரி குளிர்வித்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு) போலக் கூடுதல் விலகல் கிடைக்கும். தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் டம்ளர் விஷயத்தில் அம்மா உள்ளே குளிர்ந்த நீரை ஊற்றுவது இப்படிப்பட்ட சில மைக்ரானுக்காகத்தான். சூடுபடுத்தும் யோசனை மட்டும் வேண்டாம். கேஸ் விளக்கைக் காட்டினால் எஃகின் பதம் கெடும். அடுத்த முறை 60,000 பி.எஸ்.ஐ.யைத் தாங்கவேண்டியது அதே எஃகு.

தலை போன கூட்டுக்குக் கம்பி உதவாது, குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். இங்கே ராணுவங்கள் பயன்படுத்தும் உடைந்த-கூடு எடுப்பான் ஒன்று உண்டு. பார்ப்பதற்குத் தோட்டா மாதிரியே இருக்கும். அதைச் சேம்பரில் போட்டு போல்ட்டை மெதுவாக மூடினால், அதன் முன்முனை கிழிந்த குழாயின் கழுத்தைத் தாண்டிப் போய் விரிந்து பின்னால் கொக்கி போட்டுக்கொள்ளும். போல்ட்டைத் திறந்தால் எக்ஸ்ட்ராக்டர் இந்தக் கருவியை இழுக்கும், கருவி குழாயை இழுக்கும். அது இல்லாதவர்கள், குழலைத் துடைக்கும் வெண்கல பிரஷ்ஷில் ஒரு அளவு பெரியதைப் பின்பக்கமாகக் குழாய்க்குள் நுழைத்துத் திரும்ப இழுப்பார்கள். முள் மடங்கிக் கவ்வும்.

மெக்கானிக்குகளிடம் இன்னும் நேர்த்தியான வழி ஒன்று உண்டு: செரோசேஃப் என்ற உலோகக் கலவை. கொதிக்கும் தண்ணீரின் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும். குழலை முன்னால் துணியால் அடைத்துவிட்டு, உடைந்த குழாய்க்குள் இதை உருக்கி ஊற்றி, இறுகியதும் முன்பக்கமாகக் கம்பி விட்டுத் தள்ளினால், குழாயையும் சேர்த்துக்கொண்டு கட்டியாக வெளியே வரும். இல்லாத அடித்தளத்தைப் புதிதாக வார்த்துக் கொடுப்பது மாதிரி. அப்புறம் மறுபடி உருக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.

கூடு வந்ததும் வேலை முடியவில்லை. எண்ணெய் விட்டிருந்தால் ஒட்டத் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை உள்ள சேம்பரில் அடுத்த கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கும். சுவர் தாங்கவேண்டிய விசையும் போல்ட் மேல் விழும். குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே துணுக்கு எதுவும் நிற்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு கூட்டைக் கையில் எடுத்துப் படிக்கலாம். நீளவாக்கில் கீறல் என்றால் சேம்பர் சொரசொரப்பு. ப்ரைமர் தட்டையாக நசுங்கியிருந்தால் அழுத்தம் அதிகம். அடியருகே பளபளக்கும் வளையம் என்றால் ஹெட்ஸ்பேஸ். அந்தத் துப்பாக்கியை அளந்து பார்க்காமல் இன்னொரு தோட்டா சுடக் கூடாது.

என் கூட்டில் வளையமும் இல்லை, கீறலும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கரேல் என்று இருந்தது. உஸ்தாத் குழலைத் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றில் துண்டுத் துணியைக் கோத்து என் கையில் கொடுத்தார். நான்கு முறை இழுத்த பிறகுதான் துணி வெள்ளையாக வந்தது. மிச்சம் இருந்த இரண்டு தோட்டாக்களையும் சுட்டேன். இரண்டு கூடுகளும் ஒழுங்காக எகிறி வந்தன, அதில் ஒன்று சூடாக என் சட்டைக் காலருக்குள் விழுந்தது. எழுந்து உதறக் கூடாது என்பது விதி. கடைசி வரிசைக்காரன் சுட்டு முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்புறம் அதையும் சேர்த்து ஐந்து கோக்கா எண்ணிக் கொடுத்தேன்.